ஓடு தெரியும், நத்தை தெரியாது

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் பழகிய சங்கடம் ஒன்று உண்டு. கடலிலிருந்து வந்த கல்லைத் தொட்டியில் போட்டுச் சில வாரம் கழித்து, விளக்கை அணைத்த பிறகு பார்த்தால், காசு கொடுத்து வாங்காத நத்தை ஒன்று கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருக்கும். பாசியைத் தின்கிற சாதியா, பவளத்தைத் தின்கிற சாதியா, சிப்பியின் சாற்றை உறிஞ்சுகிற சாதியா என்று உடனே தெரிந்தாக வேண்டும். புத்தகத்தைப் புரட்டினால் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எதிலும் இது இருக்காது. தொட்டிக்காரருக்கு விஷயம் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். என் கட்சி வேறு. கடல் நத்தைகளுக்குப் பெயர் வைத்தவர்களில் பெரும்பாலோர் நத்தையைப் பார்த்தவர்களே அல்லர். கழுவிக் காயவைத்துத் துடைத்த ஓட்டைப் பார்த்தவர்கள். அவர்கள் எழுதி வைத்த அடையாளங்களும் ஓட்டின் அடையாளங்கள்தாம். தொட்டியில் இருப்பதோ பாசி மூடிய, இன்னும் வளர்ந்து முடியாத ஓட்டுக்குள் உயிரோடு நடமாடும் பிராணி. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பக்கமாகவே சேர்ந்துவந்த அறிவு, மறுபக்கத்தைப் பார்த்துக் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் விழிக்கிறது. அவ்வளவுதான்.

விலங்குகளின் அறிவியல் பெயர்களுக்குத் தொடக்கமாக இன்று ஏற்கப்படும் நூல், ஸ்வீடன் நாட்டுக் கார்ல் லினேயஸின் 'சிஸ்டெமா நேச்சுரே' பத்தாம் பதிப்பு. ஆண்டு 1758. கூம்பு நத்தை, சோழி, முட்சங்கு, டர்போ, ட்ரோகஸ் என்று ஒற்றை ஓட்டுப் பேரினங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, ஓட்டின் வாய் எப்படி, உதடு எப்படி, சுருள் எப்படி என்று அதில் கணக்காக எழுதியிருக்கிறார். உள்ளே இருக்கும் உயிருக்கு வந்ததும் இரண்டே சொல்: ஓடில்லா நத்தை போன்ற பிராணி. சோழிக்கும் அதே இரண்டு சொல், ஆளைக் கொல்லும் நஞ்சுள்ள கூம்பு நத்தைக்கும் அதே இரண்டு சொல். வீட்டின் கதவு, சன்னல், திண்ணை எல்லாவற்றையும் அளந்து எழுதிவிட்டு, குடியிருப்பவர் 'யாரோ ஒருவர்' என்று முடித்த மாதிரி. லினேயஸ் மேல் குறை சொல்லிப் பயனில்லை. வெப்பக் கடல் நத்தைகள் உயிரோடு ஸ்டாக்ஹோமுக்கு வந்து சேர வழியில்லை. அவர் கையில் இருந்தவை ஸ்வீடன் அரசி லொவீசா உல்ரிக்காவின் அரண்மனைச் சேகரிப்பு போன்ற பெட்டிகளில் அடுக்கியிருந்த ஓடுகள். இருப்பதை வைத்து ஒழுங்கு செய்தார். அந்த ஒழுங்கே பிறகு சட்டமானது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

வேறு வழி இருந்ததா என்றால், இருந்தது. அதுவும் லினேயஸுக்கு ஓராண்டு முன்னாலேயே அச்சேறியிருந்தது. மிஷெல் அடான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் 1749-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்கு வணிகக் கும்பினியின் எழுத்தராகப் போனார். நான்கைந்து ஆண்டுகள் கரையோரத்தில் அலைந்து, நத்தைகளை உயிரோடு பிடித்து, கண் எங்கே, உணர்கொம்பு எத்தனை, கால் எவ்வளவு அகலம், வாசலை அடைக்கும் மூடி எப்படி என்றெல்லாம் குறித்துக்கொண்டார். 1757-இல் பாரிஸில் வெளிவந்த அவருடைய நூலில் ஓட்டுக்குப் பக்கத்திலேயே பிராணியும் விவரிக்கப்பட்டிருக்கிறது. அந்த நூலில் பாறையில் ஒட்டிக்கொண்டு கோணல்மாணலாக வளரும் ஒரு சுண்ணாம்புக் குழாயும் வருகிறது. பார்த்தால் யாரும் குழாய்ப் புழு என்றுதான் சொல்வார்கள். அடான்சன் உள்ளே இருப்பதைப் பார்த்தார்: தலை, இரண்டு உணர்கொம்பு, கால், மூடி. ஊர்வதை விட்டுவிட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்ட நத்தை என்று சரியாகச் சொன்னார். இன்று வெர்மெடிட் என்ற குடும்பப் பெயரில் அறியப்படும் புழுநத்தை அதுதான். மறு ஆண்டு வந்த லினேயஸின் நூலிலோ இத்தகைய குழாய்கள் 'செர்புலா' என்ற பேரினத்தில் புழுக் குழாய்களோடு சேர்ந்து கிடக்கின்றன. உள்ளிருப்பது புழு என்றே எழுதப்பட்டிருக்கிறது. அடான்சன் லினேயஸின் பெயரிடும் முறையை ஏற்காதவர், பிடிவாதக்காரரும்கூட. அவர் வைத்த பெயர்கள் 1758-க்கு முந்தியவை என்பதால் பெயரிடல் சட்டத்தில் செல்லாமல் போயின. 1800-இல் டோடன் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நத்தைக்குச் செல்லுபடியாகும் பெயர் கொடுத்து, இனப் பெயரில் அடான்சனை நினைவுகூர்ந்தார். ஆளுக்கு மரியாதை கிடைத்தது. அவருடைய முறைக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் புழுநத்தையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்பது நல்லது. பவளத் தொட்டிகளில் இன்று மிகுதியாகத் தவறாக இனங்காணப்படும் நத்தைகளில் இதுவும் ஒன்று. குழாய் சில மில்லிமீட்டர் அகலம், வாய் விளிம்பு கத்திபோல் கூர்மை. கல்லைத் தூக்கும்போது விரலைக் கிழித்துவிடும். பகலில் வெறும் துளைதான் தெரியும். தொட்டியில் உணவைத் தூவிச் சற்றுப் பொறுத்தால் வாயிலிருந்து கண்ணாடி இழைபோலச் சளி நூல் வெளியே வந்து நீரில் மிதக்கும். துகள்கள் ஒட்டிக்கொண்டதும் நூலை உள்ளே இழுத்து, நூலோடு சேர்த்துத் தின்றுவிடும். குழாய்ப் புழுவாக இருந்தால் இறகு விசிறிபோன்ற கிரீடம் விரியும், நிழல் பட்டதும் சட்டென்று மறையும். சளி வலை கிடையாது. ஆக, பத்து நிமிடப் பார்வையில் தீர்ந்துவிடும் வழக்கு இது. காய்ந்த குழாயை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கோ தொடக்கச் சுருளையும் ஓட்டின் அடுக்குகளையும் தேடி உருப்பெருக்கியோடு மல்லுக்கட்ட வேண்டிய வேலை. வேறுபாடு ஏட்டளவிலானதும் அல்ல. பிரெஞ்சுப் பாலினேசியாவின் மூரேயா தீவில் ஷிமாவும் அவருடைய சகாக்களும் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய புழுநத்தை அருகிலிருந்த பவளங்களின் வளர்ச்சி சில இனங்களில் 81 சதவீதம் வரை குறைந்திருந்தது. புழுவென்று நினைத்து விட்டுவைத்தவர் தொட்டியில் பவளத்தின் மேல் அந்தச் சளி வலை நாள் முழுக்கப் படிந்துகொண்டிருக்கும்.

அடான்சன் தனி ஆள் அல்ல. அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கிழக்கிந்தியத் தீவுகளில் ரம்பியஸ் இதையே செய்திருந்தார். ஜெர்மனியில் பிறந்து, டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியராக அம்போன் தீவில் வாழ்ந்தவர். 1670-இல் கண்பார்வை இழந்தவர். 1674 நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர். கண் போன பிறகும் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்த நூல், அவர் இறந்து மூன்று ஆண்டு கழித்து 1705-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. நத்தை எங்கே ஒளிந்திருக்கும், எப்போது வெளியே வரும், தீவுக்காரர்கள் எதைத் தின்பார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. பாண்டா தீவில் ஓர் அடிமைப் பெண் வலை இழுக்கும்போது அகப்பட்ட கூம்பு நத்தையைக் கையில் வைத்திருந்தாள். கையில் லேசாக நமைச்சல் தொடங்கி, மேலேறி, இறந்துபோனாள். கூம்பு நத்தை கொட்டி மனிதர் இறந்ததாக எழுத்தில் பதிவான முதல் செய்தி அது. ஆனால் ஐரோப்பாவில் அந்த நூல் புகழ்பெற்றது படங்களுக்காக. அந்தப் படங்களிலும் கணிசமானவை, ரம்பியஸ் பார்த்த பிராணிகளையல்ல, ஆலந்துப் பணக்காரர்களின் பெட்டிகளில் இருந்த ஓடுகளைப் பார்த்துப் பதிப்பாளர் சேர்த்தவை. லினேயஸ் தம் இனங்களுக்கு மேற்கோளாக ரம்பியஸின் படங்களை அடிக்கடி காட்டுகிறார். நமைச்சலும் வலையும் ஓட்டின் விவரணையில் நுழைய இடமில்லை.

நம் கரையிலும் இந்த இரட்டை அறிவு இருந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர்களுக்குச் சங்கு ஒரு பிராணி. சங்கு இடும் முட்டைத் தொகுதி, வளையம் வளையமாக அடுக்கிய கொம்புபோல மணலில் நிற்கும். அதைச் 'சங்குப்பூ' என்பார்கள். மதராஸ் மீன்வளத்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-இல் இந்தியச் சங்கைப் பற்றி எழுதியபோது குளியாட்களின் அறிவுக்கு இடம் கொடுத்தார். லினேயஸ் அதே சங்குக்கு 1767-இல் பெயர் வைத்திருந்தார், ஓட்டைப் பார்த்து. பூவையும் சங்கையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க, கடலுக்குள் மூழ்கியவர்களால் முடிந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஓட்டை வைத்துப் பெயர் வைக்காமல் வேறு என்ன செய்திருக்க முடியும்? உடல் அழுகும், ஓடு நிலைக்கும். சாராயத்தில் ஊறவைத்த நத்தை சுருங்கி, நிறம் போய், இறுகிய சதைக் கட்டியாகிவிடும். ஆறு மாதக் கப்பல் பயணத்தில் சாராயப் புட்டியைவிட ஓடுதான் லேசு. தவிர, பெரிய நத்தைகளில் ஓடு பெரும்பாலும் ஏமாற்றுவதில்லை. இதெல்லாம் உண்மை. எனக்கு ஓட்டின் மேல் பகையும் இல்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்தது வெறும் தவிர்க்க இயலாமை அல்ல. சந்தை ஒன்று உருவாகி, அந்தச் சந்தைக்குச் சதை தேவைப்படவில்லை. ஹியூ கமிங் என்ற ஆங்கிலேயர் தனக்கென்று கப்பல் கட்டிக்கொண்டு தென் அமெரிக்கக் கரையிலும் பசிபிக்கிலும் அலைந்தார். 1836 முதல் 1840 வரை பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஊர் ஊராக ஓடு திரட்டினார். அவர் இறந்த மறு ஆண்டு, 1866-இல், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை 6,000 பவுண்டுக்கு வாங்கியது. லவல் ரீவ் தொடங்கி இருபது தொகுதிகளாக வந்த மாபெரும் படநூலுக்கு அடித்தளம் அந்த ஓடுகள். பளபளப்பு, முழுமை, அரிய தன்மை ஆகியவையே விலையைத் தீர்மானித்த இடத்தில், அழுக்கு ஓட்டுக்கும் குட்டி ஓட்டுக்கும் உள்ளிருந்த பிராணிக்கும் மதிப்பு இருக்க முடியாது. அதே காலத்தில் பிரான்ஸில் கூவியே உடற்கூற்றை வைத்து மெல்லுடலிகளை வகைப்படுத்தினார். ஸ்வீடனில் லோவேன் 1847-இல் நத்தையின் பல் பதித்த நாக்கை அடிப்படையாகக் காட்டினார். ஜெர்மனியில் ட்ரோஷல் 1856-இலிருந்து அந்த நாக்குகளைப் பற்றியே பெரிய நூலொன்றை எழுதத் தொடங்கினார். குடும்பங்களும் வரிசைகளும் இந்த வேலையால் திருந்தின. ஆனால் ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்லும் அன்றாடக் கையேடு ஓட்டைவிட்டு நகரவே இல்லை.

சேகரிப்பாளர் சந்தை ஒதுக்கியவற்றில் முதன்மையானவை சிறியவை. எவ்வளவு ஒதுக்கப்பட்டன என்பது மிகப் பிந்தித்தான் தெரிந்தது. பாரிஸ் அருங்காட்சியகத்தின் ஃபிலிப் பூஷேவும் குழுவினரும் நியூ கலடோனியாவில் 295 சதுர கிலோமீட்டர்ப் பரப்பை மட்டும் சல்லடை போட்டுச் சலித்து 2002-இல் முடிவை வெளியிட்டார்கள்: 2,738 மெல்லுடலி இனங்கள். ஐந்தில் ஓர் இனம் ஒரே ஒரு மாதிரியாகக் கிடைத்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இனங்கள் முழு வளர்ச்சியிலும் நான்கு மில்லிமீட்டர் அளவுதான். பவளக் கல்லின் பொந்தில் ஒளிந்து தொட்டிக்குப் பயணம் செய்யக்கூடியவை இந்த அளவு நத்தைகள்தாம். தொட்டிக்காரர் புத்தகத்தில் தேடும் படம் இல்லாமல் போவதற்கு, அது வரையப்படவே இல்லை என்பதும் ஒரு காரணம்.

அடுத்த மறுப்பு: கடல்தொட்டி வந்தே நூற்றெழுபது ஆண்டுக்கு மேலாகிறதே, அப்போதே இந்தச் சிக்கல் எழுந்திருக்க வேண்டாமா? எழவில்லை; காரணமும் தெளிவு. தொட்டி பிறந்தபோதே நத்தை அதற்குள் இருந்தது. லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் 1849-இல் தங்கமீனையும் நீர்ச்செடியையும் ஒரே பாத்திரத்தில் வைத்தார். செடியின் அழுகல் சேர்ந்து நீர் கெட்டது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டதும் அழுகலை அவை தின்று தீர்த்தன, அவற்றின் முட்டைகளை மீன் தின்றது. 1850-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். நான்கு ஆண்டு கழித்து ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் கடல்தொட்டியை இங்கிலாந்து முழுவதும் மோகமாக்கியது. கண்ணாடியில் படிந்த பாசியைக் கரையோர நத்தை ஒன்று சுரண்டிக்கொண்டு போவதை அவர் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தார். நாக்கு வெளியே வந்து ஒரு வளைவாக வழித்துவிட்டு உள்ளே போகிறது. தலை சற்று நகர்ந்து அடுத்த வளைவு. பின்னால் அரிவாள் பட்ட புல்வெளிபோல வரிவரியாகத் தடம். ஆனால் காஸ் வைத்திருந்தது தன் ஊர்க் கரையில் தானே பொறுக்கிய நத்தை. பெயர் தெரிந்த பின்புதான் அது தொட்டிக்குள் வந்தது. பெயர் தெரியாமல் நத்தை வந்து சேரும் காலம் நூறாண்டு கழித்துத் தொடங்கியது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் தன் முறையை எழுதினார்: கடலிலிருந்து உயிர்கள் ஒட்டியிருக்கும் கல்லை அப்படியே எடுத்துவந்து, இயற்கைக் கடல்நீரில் காற்றுக்குமிழி மட்டும் விட்டு வளர்ப்பது. பெர்லின் ஆர்வலர்கள் அதை மேம்படுத்தினார்கள். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் பவளத் தொட்டி பெரிய பொழுதுபோக்கானது. 'லைவ் ராக்' என்ற பெயரில் ஃபிஜியிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் கல் விமானமேறியது. ஃபுளோரிடாவுக்கு அப்பால் உள்ள கூட்டரசுக் கடலில் இயற்கைக் கல்லைப் பெயர்த்தெடுப்பதை அமெரிக்கா 1997 முதல் நிறுத்தியது. ஏற்றுமதி செய்யும் தீவுகள் இருக்கவே இருந்தன. கல்லோடு வந்த நத்தைக்குப் பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. பெட்டியின் மேல் ஏற்றுமதி செய்த நாட்டின் பெயர் இருந்தால் பெரிய காரியம்.

வணிகம் தன் பங்குக்குப் பெயர்களைக் குழப்பியது. பாசி தின்னும் எந்த உருண்டை நத்தையும் கடையில் 'டர்போ', கூம்பாக இருந்தால் 'ட்ரோகஸ்' அல்லது 'அஸ்ட்ரியா'. பசிபிக்கின் குளிர்நீர்க் கரையில் வாழும் சிறு நத்தை ஒன்று 'மார்கரீட்டா' என்ற செல்லப்பெயரில் வெப்பத் தொட்டிக்கு விற்கப்பட்டு, வாங்கியவர் வீட்டில் மெல்லச் செத்தது. கடைக்காரர் பெயரே போதும், அறிவியல் பெயர் எதற்கு என்பவர்களுக்கு இந்த ஒன்றே பதில்: 26 டிகிரி நீரில் உயிரோடு இருக்குமா என்பதைக் கடைப்பெயர் சொல்லாது. இந்தக் குழப்பத்தில் கைகொடுப்பது ஓட்டின் நிறமோ வடிவமோ அல்ல. நத்தையைத் திருப்பிப் பிடித்தால், உள்ளே இழுத்துக்கொண்டு வாசலை மூடியால் அடைக்கும். மூடி வெள்ளையாக, தடித்து, கல்போல் இருந்தால் டர்போ குடும்பத்தின் பக்கம். அஸ்ட்ரியா என்று விற்பதும் அங்கேதான் சேரும். மெல்லிய பழுப்பு நகம்போல வட்ட வட்டக் கோடுகளோடு இருந்தால் ட்ரோகஸ் பக்கம். அடான்சன் குறித்துக்கொண்ட அதே மூடி. பெட்டிச் சேகரிப்பாளர்கள் பலர் தூக்கியெறிந்ததும் அதுவே. இதிலும் ஒரு கண்ணி உண்டு. கண்ணாடியில் அரை சென்டிமீட்டர்கூட வராத நத்தைகள் நூற்றுக்கணக்கில் பெருகும், கல் மூடியோடு. டர்போ குட்டி போட்டுவிட்டது என்று மகிழ்ச்சி பொங்கும். பெரும்பாலும் அவை குட்டிகளே அல்ல. கொலோனிஸ்டா என்ற, முழு வளர்ச்சியிலேயே அவ்வளவுதான் இருக்கும், வேறு குடும்பத்தைச் சேர்ந்த பேரினம். நிலைமையைத் தெளியவைப்பது அந்தச் சிற்றுருவிலேயே அவை முட்டையிட்டுப் பெருகுவது. காது வடிவில் தட்டையான ஓட்டோடு ஓடித் திரியும் ஸ்டொமட்டெல்லா இன்னொன்று. ஓட்டை மட்டும் பார்த்தால் உடைந்த சில்லு என்று எறியத் தோன்றும். உயிரோடு இருக்கும்போது விரலால் பிடித்தால் காலின் பின்பகுதியைப் பல்லி வாலைப்போலக் கழற்றிவிட்டு ஓடும். எந்த ஓட்டுப் படத்திலும் அது தெரியாது.

தொட்டியில் கிடைக்கும் அறிவு வெறும் வீட்டு வைத்தியம், அறிவியலுக்கு உதவாது என்பது வலுவான மறுப்பு. எங்கே பிடித்தது என்று தெரியாத மாதிரியை அருங்காட்சியகம் மதிப்பதில்லை. தொட்டியில் வளர்ந்த ஓட்டின் வடிவும் நிறமும் திரிந்துபோகக்கூடும். இரண்டும் சரியே. ஆனால் அண்மைக் காலத்து உதாரணங்கள் வேறு கதை சொல்கின்றன. ஓடில்லாத கடல் நத்தைகளில் இது தெளிவாகத் தெரிகிறது, பெட்டியில் வைக்க ஓடே இல்லையல்லவா. தொட்டிகளில் தொல்லை தரும் ஐப்டேசியா என்ற கடல் சாமந்தியைத் தின்னும் பெர்கியாவைப் பல ஆண்டுகளாக ஐரோப்பியக் கடலின் ஓர் இனப் பெயரில் வளர்த்தும் விற்றும் வந்தார்கள். ஆய்வுக்கூடங்களும் அதே பெயரில் கட்டுரை எழுதின. 2005-இல் ஆங்கெல் வால்டெஸ் அதைப் புதிய இனமாக விவரித்தார். மாண்டிபோரா பவளத்தைத் தின்னும் வெள்ளை நத்தை, தொட்டி வளர்ப்போர் பல்லாண்டாகப் போராடிவந்த பூச்சி. அது முட்டையிடும் இடம், பவளத்தின் அடிப்புறத்தைத் தின்னும் வழக்கம், பிடிவாதம் எல்லாம் அவர்களுக்கு அத்துபடி. ஹாங்காங் ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2020-இல்தான் அதற்கு 'ஃபெஸ்டில்லா சுபோடியோசஸ்' என்று பெயர் வைத்தது. அக்ரோபோரா பவளத்தைத் தின்னும் தட்டைப் புழு நத்தையல்ல என்றாலும் சாட்சிக்கு வரலாம்: 2011-இல் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரியில் விவரிக்கப்பட்டது, அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் இயற்கையாக முதல்முறை பதிவானது. பிராணி முதலில் தொட்டியில் தெரிந்தது, ஊர் பிறகு தெரிந்தது.

ஊர் தெரியாமலே இனத்தை விவரிக்க முடியும் என்பதற்குப் புழுநத்தையே நல்ல சான்று தருகிறது. ஃபுளோரிடாவின் கீ வெஸ்டுக்கு அப்பால் 2009-இல் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட வாண்டன்பர்க் என்ற பழைய கப்பலின் இரும்பில் புழுநத்தைகள் திரளாகப் படிந்திருந்தன. சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் ரூடிகர் பீலரும் குழுவினரும் 2017-இல் அதைப் புதிய இனமாக்கி, கப்பலின் செல்லப்பெயரையே இனப் பெயராக வைத்தார்கள். டி.என்.ஏ. காட்டிய நெருங்கிய உறவினர்கள் பசிபிக் பக்கத்தவை. அதாவது கண்டுபிடித்த இடம் சொந்த ஊர் இல்லை என்று தெரிந்தே பெயரிட்டார்கள். அதற்கு ஆதாரமானவை குழாயோடு சேர்ந்து உடலின் நிறமும் மரபணு வரிசையும். இடம் தெரியாதது பெருங்குறைதான். ஆனால் உயிருள்ள உடல் கையில் இருக்கும்போது அது முடிவான தடையாக இருப்பதில்லை.

கடைசியாக, டி.என்.ஏ. வந்த பிறகு இந்த விவாதமெல்லாம் எதற்கு என்பார்கள். சதைத் துணுக்கு ஒன்று, சில நாள், பெயர் கையில். இதில் பாதி உண்மை இருக்கிறது. மரபணு வரிசையால் ட்ரோகஸ், டர்போ குடும்பங்களின் எல்லைகளே இடம் மாறியிருக்கின்றன. கொலோனிஸ்டா டர்போவிலிருந்து தனியாக நிற்பதும் அப்படித்தான் உறுதிப்பட்டது. ஆனால் வரிசையைக் கணினியில் ஒப்பிட்டால், முன்பே யாரோ பெயரிட்டுச் சேர்த்துவைத்த வரிசையோடுதான் அது பொருந்த முடியும். அந்தப் பெயர் சரியா என்பதற்கு இறுதிச் சாட்சி, பெயர் வைத்தபோது ஆதாரமாகக் கொண்ட மூல மாதிரி. அது லண்டனிலோ பாரிஸிலோ இழுப்பறையில் நூற்றைம்பது ஆண்டாகக் கிடக்கும் காய்ந்த ஓடு. பழைய ஓட்டிலிருந்தே மரபணுவை எடுக்கும் முயற்சிகள் சில வெற்றிபெற்றிருக்கின்றன, ஆயிரக்கணக்கான மூல மாதிரிகளுக்கு அது இன்னும் நடக்கவில்லை. பெர்கியாவுக்கு ஏற்பட்டதைப் பாருங்கள்: தவறான பெயரில் வரிசை பதிவாகியிருந்தால் கணினியும் அந்தத் தவறையே நம்பிக்கையோடு திருப்பிச் சொல்லும். எனவே இன்றைக்கும் ஒழுங்கான முறை, பிராணி முதலில், மூடி அடுத்து, ஓடு அதற்கடுத்து, மரபணு எல்லாவற்றையும் சரிபார்க்க. கல் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று விற்றவரிடம் கேட்டு எழுதி வைப்பதும், இறந்த நத்தையைச் சாக்கடையில் கொட்டாமல் சாராயத்தில் போட்டு வைப்பதும் செலவில்லாத காரியங்கள். இப்படிச் செய்தாலும் பெரும்பாலானவற்றுக்குக் குடும்பப் பெயரோடு நின்றுவிட வேண்டிவரும். தொட்டியில் விட்டுவைப்பதா, எடுத்து வேறு பாத்திரத்தில் போடுவதா என்று முடிவெடுக்கக் குடும்பப் பெயர் அநேகமாகப் போதும். கூம்பு நத்தையாக இருந்தால் வெறுங்கையால் தொடாமல் இருக்கவும் அது போதும்.